செப்புத் தகட்டில் உறைந்த கண்ணீர்

திருப்பதிக்கு வரும் அடியார்கள் ஊர் திரும்பும்போது கையோடு எடுத்துச் செல்பவை இரண்டு. ஒன்று இலட்டு, மற்றொன்று கண்ணாடிச் சட்டமிட்ட படம். கடைத்தெருவில் ஒரு நாழிகை நின்று பார்த்தால் போதும். வேங்கடவன் ஒருவனே ஆயிரம் சட்டங்களில் நின்று அருள் புரிவதைக் காணலாம். கடவுள் படங்களை வீட்டுச் சுவரில் மாட்டும் இவ்வழக்கம் பழைமையானது என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால், அச்சிட்ட வண்ணப்படம் ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்து சேர்ந்து நூற்று முப்பது ஆண்டுகளுக்குச் சற்றே மேலாகிறது, அவ்வளவுதான்.

அந்தப் பழைய படங்களில் கடவுளர் மட்டும் இருக்கவில்லை. அன்னத்தின் எதிரே நிற்கும் தமயந்தி, காலில் முள் தைத்ததாகப் பாவனை செய்து திரும்பிப் பார்க்கும் சகுந்தலை, பூமி பிளக்க அன்னையின் கைப்பற்றி மறையும் சீதை — இவர்களும் நம் பாட்டிமார் வீட்டுக் கூடத்தில் தொங்கினர். கடவுளருக்கு விளக்கேற்றினார்கள், இப்பெண்களின் படங்களைக் காட்டிக் குழந்தைகளுக்குக் கதை சொன்னார்கள். இவர்கள் எல்லாரும் துன்பம் உற்றவர்கள் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? கணவனால் காட்டில் கைவிடப்பட்டவள் ஒருத்தி; அரசவையில் 'உன்னை அறியேன்' என்று மறுக்கப்பட்டவள் ஒருத்தி; ஊரார் சொல்லுக்கு அஞ்சிய கணவனால் துறக்கப்பட்டவள் ஒருத்தி. துயருற்ற பெண்ணின் முகத்தை அழகிய படமாக்கிச் சுவரில் மாட்டிப் போற்றும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்த ஜெர்மனியிலும் அது தழைத்திருந்தது. அவ்விரு வழக்கங்களுக்கும் இடையே ஒரு பாலமும் இருந்தது. அப்பாலத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

தகடும் மரமும் கல்லும்

முதலில், பழைய அச்சுப்படம் எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிந்துகொள்வோம். புகைப்படம் அச்சேறும் காலத்திற்கு முன்பு, ஓர் ஓவியத்தைப் பல படிகளாக்க மூன்று வழிகள் இருந்தன.

ஒன்று, தகட்டில் செதுக்குதல். வழவழப்பாகத் தேய்த்த செப்புத் தகட்டின் மேல் கூரிய சிற்றுளியால் கோடு கோடாகப் பள்ளம் பறிப்பார்கள். தகடு முழுவதும் மையைப் பூசிப் பின்பு துணியால் துடைத்தால், மேற்பரப்பில் உள்ள மை போய்விடும். பள்ளத்தில் உள்ள மை தங்கிவிடும். ஈரத் தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கு இடையே அழுத்தினால், தாள் பள்ளத்திற்குள் புகுந்து மையை உறிஞ்சிக்கொண்டு வரும். உளிக்குப் பதிலாக அமிலத்தைக்கொண்டு கோடுகளை அரிக்கச் செய்வதும் உண்டு. ஐரோப்பாவில் இக்கலை பொற்கொல்லர் பட்டறையில் பிறந்தது. நகையில் பூவும் கொடியும் செதுக்கிய கையே தகட்டிலும் செதுக்கிற்று. ஜெர்மானிய ஓவியர் மன்னன் எனப் போற்றப்படும் ஆல்பிரெக்ட் டூரர் (1471–1528) ஒரு பொற்கொல்லரின் மகனே.

செம்பு மென்மையானது. சில நூறு படிகள் எடுத்தவுடன் கோடுகள் தேய்ந்துவிடும். ஆகவே 1820-களில் எஃகுத் தகடு வழக்கத்திற்கு வந்தது. எஃகில் செதுக்குவது கடினம். ஆனால் பல ஆயிரம் படிகள் எடுத்தாலும் கோடு மழுங்காது. மயிரிழை போன்ற நுண்கோடுகளையும் அதில் இடலாம். படம் மலிவாயிற்று, செல்வர் மாளிகையில் இருந்த ஓவியம் ஆசிரியர் வீட்டிற்கும் எழுத்தர் வீட்டிற்கும் வந்தது.

இரண்டாவது, மரத்தில் செதுக்குதல். இது தகட்டுக்கு நேர்மாறானது. இங்கே கோடுகளை மேடாக விட்டு, மற்ற இடங்களைக் குடைந்து எடுப்பார்கள். மேட்டில் மை ஒட்டும். எழுத்துகளோடு சேர்த்து ஒரே பக்கத்தில் அச்சிட இம்முறை ஏற்றது.

மூன்றாவது, கல்லச்சு. 1796-ஆம் ஆண்டை ஒட்டி, ஜெர்மனியின் மியூனிக் நகரில் அலோய்ஸ் செனஃபெல்டர் என்பார் இதைக் கண்டுபிடித்தார். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டா என்ற எளிய உண்மையே இதன் அடிப்படை. பவேரிய நாட்டின் சோல்ன்ஹோஃபென் என்னும் ஊரில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லை வழவழப்பாக்கி, கொழுப்புப் பொருள் கலந்த கரிக்கோலால் படம் வரைவார்கள். பின்பு கல்லை நனைத்து, எண்ணெய் மையை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும். செதுக்க வேண்டுவதில்லை, ஓவியனின் கை சென்றபடியே படம் வரும். ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு கல் என்று வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டால் வண்ணப்படம் கிடைக்கும். அதன்மேல் மெருகு பூசி, எண்ணெய் வண்ண ஓவியம் போலவே தோன்றச் செய்தால், அதுவே நம் பாட்டிமார் வீட்டில் தொங்கிய படம்.

பழைய புத்தகக் கடையிலோ நூலகத்திலோ இத்தகைய படம் ஒன்று கிடைத்தால், அது எவ்வகையது என்று கண்டறிவது கடினமன்று. படத்தைச் சுற்றித் தாளில் செவ்வகமாக ஓர் அழுத்தத் தடம் தெரிந்தால் அது தகட்டுப்படம். தகட்டின் விளிம்பு பதிந்த தடம் அது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கும்போது கோடுகளின்றிச் சிறு சிறு புள்ளிகளே ஒழுங்காக நிறைந்திருந்தால், அது புகைப்பட முறையில் பின்னாளில் அச்சானது. இம்முறைக்கு 1882-இல் உரிமம் பெற்ற மைசன்பாக் என்பவரும் மியூனிக் நகரத்தவரே. தகட்டுப்படத்தின் அடியில் பெரும்பாலும் இரு பெயர்கள் இருக்கும். இடப்புறம் வரைந்தவர் பெயர். வலப்புறம் செதுக்கியவர் பெயர். வரைந்தவரை உலகம் நினைவு வைத்தது. மாதக்கணக்கில் குனிந்து அமர்ந்து கண்ணொளியைச் செலவிட்டுச் செதுக்கியவரைப் பெரும்பாலும் மறந்துவிட்டது.

தகட்டில் அழுத பெண்கள்

இனி, அத்தகடுகளில் இடம்பெற்ற பெண்கள் யாவர் என்று பார்ப்போம்.

லெஸ்ஸிங் இயற்றிய 'எமிலியா கலோட்டி' என்னும் நாடகம் 1772-இல் மேடையேறியது. சிற்றரசன் ஒருவன் எமிலியாமீது ஆசை கொள்கிறான். அவளுடைய திருமண நாளன்றே மணமகன் கொல்லப்படுகிறான். அவள் அரசனின் மாளிகைக்குக் கொண்டுபோகப்படுகிறாள். தப்ப வழி இல்லை என்று கண்ட அவள் தந்தையிடம் மரணத்தை வேண்டுகிறாள்; தந்தை தன் கையாலேயே மகளைக் குத்திவிடுகிறான். குற்றம் செய்தவன் அரசன். உயிர் இழந்தவள் பெண்.

ஷில்லரின் 'சூழ்ச்சியும் காதலும்' என்னும் நாடகம் 1784-இல் வந்தது. இசைக்கலைஞன் ஒருவனின் மகள் லூயிசா. உயர்பதவியாளரின் மகன் ஃபெர்டினாண்டு அவளைக் காதலிக்கிறான். அவள் தந்தையைச் சிறையிலிட்டு, அவரை விடுவிக்க வேண்டுமானால் வேறொருவனுக்குக் காதல் கடிதம் எழுத வேண்டும் என்று மிரட்டி எழுதவைக்கிறார்கள். உண்மையைச் சொல்லமாட்டேன் என்று ஆணையும் வாங்குகிறார்கள். கடிதத்தைக் கண்ட காதலன் ஐயுற்று, அவள் அருந்தும் எலுமிச்சைச் சாற்றில் நஞ்சிட்டுத் தானும் பருகுகிறான். சாகும் தறுவாயில்தான் அவளால் உண்மையைச் சொல்ல முடிகிறது.

இவர்கள் எல்லாரையும்விடப் பெரும்புகழ் பெற்றவள் கதே படைத்த கிரேட்சன். 'ஃபாஸ்ட்' நாடகத்தின் முதற்பகுதி 1808-இல் வெளிவந்தது. கற்றறிந்த ஃபாஸ்ட், சாத்தானின் துணையோடு ஓர் எளிய பெண்ணை மயக்குகிறான். அவன் தந்த உறக்க மருந்தால் அவள் தாய் இறக்கிறாள். அவன் வாளால் அவள் தமையன் மாள்கிறான். பிறந்த குழந்தையை அவளே நீரில் அமிழ்த்துகிறாள். சித்தம் கலங்கிச் சிறையில் கிடக்கும் அவளை மீட்க ஃபாஸ்ட் வருகிறான். அவளோ தப்பிச் செல்ல மறுத்து, இறைவன் தீர்ப்புக்குத் தன்னை ஒப்படைக்கிறாள்.

இது வெறுங்கற்பனை அன்று. பிராங்க்பர்ட் நகரில் சூசன்னா மார்கரெதா பிராண்ட் என்னும் பெண் ஒரு விடுதியில் பணிப்பெண்ணாக இருந்தாள். குழந்தையைக் கொன்ற குற்றத்திற்காக 1772-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் வாளால் தலை வெட்டப்பட்டாள். சட்டம் பயின்று அப்போதுதான் வழக்கறிஞர் தொழிலில் இறங்கியிருந்த இருபத்திரண்டு வயது இளைஞராகிய கதே அன்று அந்நகரில்தான் வாழ்ந்தார். அப்பெண்ணின் சாயல் கிரேட்சன்மீது படிந்துள்ளது என்பது அறிஞர் பலரின் கருத்து. அவளைக் கைவிட்டுச் சென்றவனைச் சட்டம் தேடிப் பிடிக்கவில்லை.

'ஃபாஸ்ட்' வெளிவந்து எட்டே ஆண்டுகளில், 1816-இல், இருவர் அதற்குப் படங்கள் வெளியிட்டனர். ஒருவர் பீட்டர் கார்னேலியஸ். மற்றொருவர் மோரிட்ஸ் ரெட்ஷ். ரெட்ஷின் படங்கள் நிழலே இல்லாத வெறுங்கோட்டுப் படங்கள். அவை இங்கிலாந்திலும் அச்சேறி, ஜெர்மன் அறியாதவர்க்கும் கிரேட்சனை அறிமுகம் செய்தன. 1828-இல் பிரெஞ்சு ஓவியர் தெலாக்ருவா கல்லச்சில் பதினேழு படங்கள் வரைந்தார். முதுமைப் பருவத்தில் அவற்றைக் கண்ட கதே பாராட்டினார். இவர்கள் மூவரும் சிறைக்கூடத்தையும் வரைந்தார்கள் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். வைக்கோலில் கிடக்கும் பெண்ணையும் அவள் அறிவு பேதலித்த நிலையையும் அவர்கள் மறைக்கவில்லை.

மாறுதல் பின்னால் வந்தது. எஃகுத் தகடு பெருகிய காலத்தில், நூலை விட்டுப் படம் தனியே பிரிந்தது. ஷில்லரின் பாத்திரங்களை ஐம்பது எஃகுத் தகட்டுப் படங்களாக ஃபிரீட்ரிக் பெஷ்ட்டும் ஆர்தர் ஃபான் ராம்பெர்க்கும் வரைய, லைப்சிக் நகரத்துப் பிராக்ஹவுஸ் பதிப்பகம் 1859-இல் வெளியிட்டது. அது ஷில்லர் பிறந்த நூறாம் ஆண்டு. கதேயின் பாத்திரங்களுக்கும் அத்தகைய தொகுதி வந்தது. வில்ஹெல்ம் ஃபான் கௌல்பாக் என்னும் ஓவியர் கதேயின் பெண்பாத்திரங்களை மட்டுமே ஒரு வரிசையாக வரைந்தார். பிறந்தநாள் பரிசாகவும் திருமணப் பரிசாகவும் இத்தொகுதிகள் வீடுதோறும் புகுந்தன. ஒரு தாளுக்கு ஒரு பெண், அழகிய முகம், தாழ்ந்த இமை, கையில் ஒரு மலர். பாத்திரத்தின் பெயர் கீழே. அவளுக்கு நேர்ந்தது என்ன என்பது படத்தில் இல்லை.

எந்தக் கணத்தை வரைவது?

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கதை ஓடுகிறது, படம் நிற்கிறது. ஓடுகின்ற கதையில் ஒரே ஒரு கணத்தை ஓவியன் தேர்ந்தெடுக்க வேண்டும். இதனை முதலில் தெளிவுற ஆராய்ந்தவர் எமிலியாவைப் படைத்த லெஸ்ஸிங்கே. 1766-இல் வெளியிட்ட 'லவோக்கூன்' என்னும் நூலில் அவர் இதைப் பேசுகிறார். ஓவியன் தேரும் கணம், முன் நடந்ததையும் பின் நடக்கப்போவதையும் நம் மனத்தில் விரியச் செய்ய வேண்டும் என்பதும், துன்பத்தின் உச்சத்தை அப்படியே காட்டலாகாது என்பதும் அவர் கொள்கை. அலறும் வாயைச் சிலையாக்கினால், அது என்றென்றும் அலறிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர்க்கு இரக்கம் போய் அருவருப்பு வந்துவிடும் என்று அவர் கருதினார்.

கொள்கை நல்லதே. ஆனால் சந்தைக்கு வந்தபோது அது வேறு வடிவம் கொண்டது. உச்சத்தைக் காட்டலாகாது என்பது, துன்பத்தையே காட்ட வேண்டா என்று ஆயிற்று. இராட்டையின் முன் அமர்ந்து ஏங்கும் கிரேட்சன், மலரின் இதழ்களைக் கிள்ளிக் காதலைக் குறி பார்க்கும் கிரேட்சன், கோயிலிலிருந்து தலை குனிந்து வரும் கிரேட்சன் — இவையே ஆயிரக்கணக்கில் விற்றன. சிறையில் கிடந்த கிரேட்சனை வரவேற்பறையில் மாட்ட யாருக்குத்தான் மனம் வரும்? படத்தை மட்டும் பார்த்து வளர்ந்த ஒரு குழந்தை, கிரேட்சன் என்பவள் பூவோடு நிற்கும் ஓர் அழகி என்றே எண்ணும். வாளுக்கு இரையான பணிப்பெண்ணை அக்குழந்தை அறியாது.

'இது ஜெர்மானியர் செய்த பிழை, நமக்கென்ன?' என்று கேட்கலாம். நமக்கும் அதில் பங்குண்டு.

போய் வந்த சகுந்தலை

காளிதாசரின் சாகுந்தலத்தை வில்லியம் ஜோன்ஸ் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கல்கத்தாவில் 1789-இல் வெளியிட்டார். அதிலிருந்து கியோர்க் ஃபோர்ஸ்டர் ஜெர்மனில் பெயர்த்தது 1791-இல் வெளிவந்தது. அதைப் படித்த கதே உள்ளம் நெகிழ்ந்து அதே ஆண்டில் சிறு பாடல் ஒன்று இயற்றினார். 'ஃபாஸ்ட்' நாடகத்தின் தொடக்கத்தில் நாடக மேலாளரும் கவிஞரும் உரையாடும் ஒரு முன்னுரைக் காட்சி உண்டு. அது நம் வடமொழி நாடகங்களின் சூத்திரதாரன் காட்சியைக் கண்டு அமைத்ததே என்பர் ஆராய்ச்சியாளர். ஆக, கிரேட்சனின் துயரக் கதைக்கு வாயிலில் நின்று வரவேற்புச் சொல்பவள் சகுந்தலை என்று கூறினும் மிகையாகாது.

சென்ற சகுந்தலை திரும்பியும் வந்தாள். கிளிமானூரில் 1848-இல் பிறந்த இரவிவர்மாவின் ஓவியங்களை எல்லாரும் விரும்பினர். ஆனால் அரண்மனைச் சுவரில் இருப்பதை எத்தனை பேர் காண முடியும்? கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய தி. மாதவராவ், அவ்வோவியங்களை ஐரோப்பாவிற்கு அனுப்பி வண்ண அச்சில் எடுக்கலாம் என்று யோசனை கூறினார். இரவிவர்மாவோ, பின்னர், பம்பாயிலேயே அச்சகம் நிறுவினார். 1894-இல் தொழிற்படத் தொடங்கிய அவ்வச்சகத்திற்கு ஜெர்மனியிலிருந்து பொறிகள் வந்தன. அவற்றை இயக்க ஃபிரிட்ஸ் ஷ்லைகர் முதலிய ஜெர்மானியத் தொழில்வல்லுநரும் வந்தனர். அங்கு முதன்முதல் அச்சான படம் யாது தெரியுமா? 'சகுந்தலையின் பிறப்பு'! ஜெர்மானியக் கவிஞரை உருகவைத்த சகுந்தலை, ஜெர்மானியர் கண்டுபிடித்த கல்லச்சில், ஜெர்மானியர் கையாலேயே அச்சாகி நம் வீட்டிற்கு வந்தாள். அச்சகம் பின்னர் லோனாவ்லாவுக்கு அருகிலுள்ள மலவ்லிக்கு மாற்றப்பட்டு, 1900-களின் தொடக்கத்தில் ஷ்லைகருக்கே விற்கப்பட்டது. 1972-இல் தீக்கு இரையாயிற்று.

தமிழகத்து வீடுகளில் அப்படங்களுக்குச் சரிகையும் சம்கியும் ஒட்டிப் புடவை கட்டி அழகு பார்த்தார்கள். அவற்றைப் பார்த்துப் பழகிய கண்களுக்காகவே பின்னர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு போன்றோர் நாட்காட்டிப் படங்கள் வரைந்தனர்; சிவகாசி அச்சகங்கள் அவற்றை நாடெங்கும் பரப்பின.

அச்சுக்கலையில் ஜெர்மனிக்கும் தமிழுக்கும் உள்ள உறவு இதனினும் பழைமையானது. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு அச்சிட்ட தமிழ் நூல்களுக்கு முதலில் எழுத்து வார்த்தது ஜெர்மனியின் ஹாலே நகரம். திருக்குறளைக் கார்ல் கிரவுல் ஜெர்மனில் பெயர்த்து 1856-இல் வெளியிட்டார். எழுத்தும் படமும் இரு திசையிலும் பயணம் செய்திருக்கின்றன.

இரவிவர்மாவின் சகுந்தலைகளில் நம் நெஞ்சில் நிலைத்தவள் யார்? முள்ளை எடுப்பதுபோல் நின்று காதலனைத் திரும்பிப் பார்ப்பவள். தாமரை இலையில் மடல் தீட்டுபவள். துஷ்யந்தன் அவையில் நிறைசூலியாய் நின்று, 'மறந்தாயா?' என்று சினந்து கேட்டவளை நாம் சுவரில் மாட்டவில்லை. ஆனால் இரவிவர்மாவின்மீது மட்டும் பழி சுமத்துவது அறமாகாது. பூமிக்குள் புகும் சீதையை வரைந்தவரும் அவரே. அப்படத்தில் இராமன் கை நீட்டி நிற்கிறான், சீதையோ போகிறாள். கீசகன்முன் அஞ்சிக் குறுகும் சைரந்திரியையும் அவர் வரைந்தார். படைத்தவன் பலவும் படைத்தான்; வாங்கியவர் இனிப்பானதை மட்டும் வாங்கினார்.

காளத்தித் துணியும் கதை முழுதும்

ஒரே கணத்தைத் தேர்ந்தாக வேண்டும் என்பது தகட்டோவியத்தின் கட்டாயம். அக்கட்டாயம் இல்லாத ஓவியமும் உண்டு. அதைக் காண நாம் கடல் கடந்து போக வேண்டுவதில்லை. திருப்பதியில் பஸ் ஏறிக் காளத்திக்குச் சென்றால் போதும்.

காளத்திக் கலம்காரி நாம் அறிந்ததே. பருத்தித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துகிறார்கள். மூங்கில் குச்சியின் நுனியைக் கூராக்கி, சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டுகிறார்கள்; அதுவே எழுதுகோல். பழைய இரும்பையும் வெல்லத்தையும் நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்த கரும்புளிப்பு நீரில் தோய்த்துக் கோடு இழுத்தால், கடுக்காய் ஏறிய துணியில் அது கன்னங்கரேலென்று பிடிக்கிறது. சிவப்பு ஏற வேண்டிய இடத்தில் படிகார நீர் இடுகிறார்கள். ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு முறை அலசல். அதற்குச் சுவர்ணமுகி ஆற்றின் ஓடும் நீர்.

இத்துணியில் இராமாயணத்தை எழுதும்போது, நடுவே பெரிய கட்டமும் சுற்றிலும் வரிசை வரிசையாகச் சிறு கட்டங்களும் அமைக்கிறார்கள். சீதை மணக்கோலத்திலும் இருப்பாள், அசோக வனத்திலும் இருப்பாள், தீயிலும் நிற்பாள். கட்டத்தின் ஓரத்தில் தெலுங்கில் கதையும் எழுதியிருக்கும். இங்கே பெண்ணின் துயரம் கதையினின்று பிரிக்கப்படவில்லை. எவரால், எதனால் என்ற கேள்விக்கு அடுத்த கட்டத்திலேயே விடை இருக்கிறது. ஆயிரம் படிகள் எடுக்க இயலாத கலை அது. ஒரு துணிக்கு ஒரு கை; வாரங்கள் பல. தகடு ஒரு கணத்தை ஆயிரம் பேருக்குக் கொடுத்தது; துணி ஆயிரம் கணத்தை ஓர் ஊருக்குக் கொடுத்தது. இரண்டிலும் ஆக்கமும் உண்டு, இழப்பும் உண்டு.

இரு நெருப்புகள்

இறுதியாக, இரு பெண்களை ஒருங்கே நிறுத்திப் பார்ப்போம்.

ஜெர்மானியரின் பழங்காப்பியம் 'நிபெலுங்கர் பாடல்'. ஏறத்தாழ 1200-ஆம் ஆண்டில் எழுந்தது. அதன் தலைவி கிரீம்ஹில்ட். அவள் கணவன் சீக்ஃபிரீடை வஞ்சகமாகக் கொன்றவன் ஹாகன். அதற்கு உடன்பட்டவன் அவளுடைய தமையனாகிய அரசன். ஆண்டுகள் பல பொறுத்திருந்து, வேற்று நாட்டு மன்னனை மணந்து, விருந்துக்கு அழைத்து, மண்டபத்திற்குத் தீயிட்டு, சுற்றத்தையே அழிக்கிறாள். கணவனின் வாளாலேயே ஹாகனை வெட்டுகிறாள். தானும் வெட்டுண்டு மடிகிறாள்.

கணவன் அநியாயமாகக் கொல்லப்பட்டான். மனைவி நெருப்பு மூட்டினாள். கண்ணகி நினைவு வராத தமிழர் உண்டோ? இரு காப்பியங்களும் நெடுங்காலம் ஏட்டில் உறங்கின. 'நிபெலுங்கர் பாடல்' ஏட்டுச்சுவடி 1755-இல் ஹோஹெனெம்ஸ் என்னும் ஊரில் கண்டெடுக்கப்பட்டது. சிலப்பதிகாரத்தை உ. வே. சாமிநாதையர் 1892-இல் முழுமையாகப் பதிப்பித்தார்.

ஒற்றுமை இவ்வளவே. வேற்றுமை பெரிது. கிரீம்ஹில்ட் வழக்குரைக்கவில்லை, அவளுக்கு வழக்குரைக்க மன்றமும் இல்லை. அவள் பழிவாங்குகிறாள். காப்பியமே அவளைப் பேய்மகள் என்று பழிக்கிறது. கண்ணகியோ முதலில் சான்று காட்டுகிறாள். அரசன் முன் நின்று சிலம்பை உடைத்து, பரலைக் காட்டி, வழக்கை வென்ற பின்னரே மதுரை எரிகிறது. அப்போதும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடுமாறு நெருப்புக்கு ஆணையிடுகிறாள். தவறு உணர்ந்த அரசன் உயிர் துறக்கிறான். ஒருத்தி தூற்றப்பட்டாள், மற்றொருத்தி தெய்வமானாள். நீதி கேட்க ஓர் இடம் இருந்ததே அவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்று தோன்றுகிறது.

கிரீம்ஹில்டை ஜூலியஸ் ஷ்னோர் மியூனிக் அரண்மனைச் சுவர்களில் தீட்டினார். 1843-இல் வெளிவந்த பதிப்பில் மரத்தில் செதுக்கிய படங்களாகவும் அக்கதை வந்தது. கண்ணகிக்கோ 1968-இல், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி, சென்னைக் கடற்கரையில் சிலை எழுந்தது. 2001-இல் அகற்றப்பட்டு 2006-இல் மீண்டும் நிறுவப்பட்டது. அச்சிலை எந்தக் கணத்தைத் தேர்ந்தது என்று பாருங்கள். கணவனை நினைத்து ஏங்கிய கணம் அன்று. கணவன் உடலைத் தழுவி அழுத கணம் அன்று. சிலம்பைக் கையில் ஏந்தி, கண்ணில் கனல் பறக்க, நியாயம் கேட்கும் கணம். அழும் பெண்ணை அன்று, பேசும் பெண்ணை வடித்தான் சிற்பி. லெஸ்ஸிங் கேட்ட இலக்கணமும் அதில் கெடவில்லை. முன் நடந்ததும் பின் நடக்கப்போவதும் அந்த ஒரு கையில் தெரிகின்றன.

நாம் செய்யத்தக்கது

நண்பர்களே, பழைய தகட்டுப் படங்கள் இன்று விலை ஏறிவிட்டன. அதனால் ஒரு தீங்கு நேர்கிறது. நூறு ஆண்டுப் பழைய நூலை வாங்கி, படங்களை மட்டும் கத்தரித்துச் சட்டமிட்டு விற்பவர் உலகெங்கும் உள்ளனர். நூல் குப்பைக்குப் போகிறது. அழகி சுவருக்குப் போகிறாள். கதையினின்று பெண்ணைப் பிரித்த அந்தப் பழைய பிழை, கத்தரிக்கோலால் மீண்டும் நடக்கிறது. நூலகத்தில் படமுள்ள பழைய நூல் கையில் கிடைத்தால், அதனைக் காப்பது நம் கடமை. ஒரு படத்தாளைக் கிழிப்பவன் ஒரு கதையின் நாவை அறுக்கிறான்.

மற்றொன்றும் உண்டு. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, கூடத்தில் புகையேறித் தொங்கும் பழைய படத்தை ஒருமுறை இறக்கித் துடைத்துப் பாருங்கள். அதன் அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பு பாட்டியை அழைத்து, 'இவள் யார்? இவளுக்கு என்ன நேர்ந்தது? யார் செய்தது?' என்று கேளுங்கள். படம் காட்டாத அடுத்த கட்டத்தைப் பாட்டி சொல்வாள். அவள் சொல்லும்போது, முள்ளை எடுக்கும் சகுந்தலை நிமிர்ந்து அரசவைக்கு நடப்பாள். பூவோடு நின்ற கிரேட்சனுக்கும் அன்றுதான் ஒரு துணை கிடைக்கும்.